செம்புக் கம்பி வழி வந்த இணையம்

வீட்டுச் சுவரின் ஓரமாக இறங்கி வரும் மெல்லிய தொலைபேசிக் கம்பியைப் பலரும் உற்றுப் பார்த்ததில்லை. அதனுள் இருப்பவை ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் தடிமனும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்காகவே போடப்பட்ட இந்தக் கம்பி, 2001-ஆம் ஆண்டிலிருந்து மலேசிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் அதிவேக இணையத்தைக் கொண்டு வந்தது. புதிய கம்பி எதுவும் போடாமல், பழைய கம்பியைக் கொண்டே இது எப்படி நிகழ்ந்தது? நகரத்து வீடுகளுக்கு எளிதில் கிடைத்த இச்சேவை, மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களுக்கு ஏன் எட்டாக்கனியாக இருந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது, இன்றைய இணைய வசதியின் நிறைகுறைகளைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும்.

தோட்டங்களும் தொலைபேசியும்

மலேசியாவின் ரப்பர்த் தோட்ட வரலாற்றில் மலாக்காவுக்குத் தனியிடம் உண்டு. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை வணிக நோக்குடன் நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் குனோங் லேடாங் மலையடிவாரத்தை ஒட்டிய புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் உருவானது. அதன் பிறகு ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் தோட்டங்கள் பல தோன்றின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், பால் வெட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்றும் மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன.

தோட்டம் என்பது தனி உலகம். லயன் வீடுகள், கோயில், பள்ளி, ஆயாக் கொட்டகை, மருந்தகம், அலுவலகம் ஆகிய அனைத்தும் அதன் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கும். அங்குத் தொலைபேசி பெரும்பாலும் தோட்ட நிர்வாகியின் பங்களாவிலும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்தது. ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தால், கிராணி மூலமாகத்தான் அது தொழிலாளியின் செவிக்கு எட்டும். வெளியே பேச வேண்டுமானால் பட்டணத்துப் பொதுத் தொலைபேசியை நாடிச் செல்ல வேண்டும். ஒரு தொலைபேசிக் கம்பம் எங்கே நிற்கிறது என்பதே, செய்தி யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது.

நாட்டின் தொலைபேசிச் சேவையை நீண்டகாலம் அரசாங்கத் துறையே நடத்தி வந்தது. 1987-ஆம் ஆண்டில் அத்துறை நிறுவனமாக மாற்றப்பட்டது. அதுவே பின்னர் டெலிகோம் மலேசியா என்னும் பெயரைப் பெற்றது. வீட்டுத் தொலைபேசிகள் பெருகின. நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் பொதுவான 06 என்னும் வட்டார எண்ணைச் சுழற்றிப் பேசாத குடும்பம் பட்டணங்களில் அரிதாயிற்று.

குரலுக்காகப் போடப்பட்ட கம்பி

தொலைபேசியில் ஒருவர் பேசும்போது, அவருடைய குரலின் அதிர்வு மின் அதிர்வாக மாறுகிறது. அது செம்புக் கம்பி வழியாக அருகிலுள்ள தொலைபேசி இணைப்பகத்தைச் சென்றடைகிறது. அங்கிருந்து மறுமுனையில் இருப்பவரின் இணைப்புக்கு அனுப்பப்பட்டு, மீண்டும் ஒலியாக மாறுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பகத்திலிருந்து தனியாக ஓர் இணைக் கம்பி வருகிறது. கம்பிகள் இரண்டும் முறுக்கிப் பின்னப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அவ்வாறு முறுக்கினால் பக்கத்துக் கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் பெருமளவு குறைகிறது.

மனிதப் பேச்சு விளங்குவதற்கு வினாடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளே போதுமானவை. ஆகவே, தொலைபேசிப் பொறியாளர்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான இடத்தை மட்டுமே ஒதுக்கினார்கள். அதற்கு மேற்பட்ட அதிர்வுகளை இணைப்பகத்துக் கருவிகள் தடுத்துவிடும்.

மலேசியாவில் இணையம் பரவத் தொடங்கிய 1990-களில், இந்தக் குறுகிய இடத்துக்குள்தான் கணினித் தகவலும் செல்ல வேண்டியிருந்தது. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங்கும், 1996-இல் தொடங்கப்பட்ட டி.எம். நெட்டும் தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையும் முறையையே வழங்கின. மோடம் என்னும் கருவி கணினியின் தகவலைக் கீச்சொலியாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் உள்ள மோடம் அதைத் திரும்பவும் தகவலாக மாற்றும். மிக மேம்பட்ட மோடத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 56 கிலோபிட்.

இந்த வேகத்தை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இணைய வேகம் ‘பிட்’ என்னும் அலகிலும், கோப்பின் அளவு ‘பைட்’ என்னும் அலகிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஒரு பாடலின் கோப்பு 5 மெகாபைட் என்று கொள்வோம். அது 40 மெகாபிட் ஆகும். 56 கிலோபிட் வேகத்தில் அதனைப் பதிவிறக்கம் செய்ய ஏறத்தாழ 12 நிமிடங்கள் தேவை. அந்த நேரம் முழுவதும் வீட்டுத் தொலைபேசியில் யாரும் பேச முடியாது. வெளியிலிருந்து வரும் அழைப்பும் கிடைக்காது. இடையில் இணைப்பு அறுந்தால், பல வேளைகளில் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலையும் ஏற்படும்.

இரண்டு வழி கொண்ட இலக்கவியல் இணைப்பு

இக்குறையைப் போக்க முதலில் வந்தது ஐ.எஸ்.டி.என். என்னும் இலக்கவியல் தொலைபேசி இணைப்பு. வீட்டிலிருந்து இணைப்பகம் வரை குரலும் தகவலும் ஒன்று, சுழியம் என்னும் இலக்கங்களாகவே செல்வது இதன் சிறப்பு. இதன் அடிப்படை இணைப்பில் வினாடிக்கு 64 கிலோபிட் கொண்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் பேசிக்கொண்டே மற்றொன்றில் இணையத்தைப் பயன்படுத்தலாம். இரண்டையும் இணைத்தால் 128 கிலோபிட் கிடைக்கும். முன்னர் 12 நிமிடங்கள் எடுத்த பாடல், இதில் 5 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்து சேரும். எனினும், கட்டணமும் கருவிகளின் விலையும் மிகுதியாக இருந்ததால், வணிக நிறுவனங்களும் அலுவலகங்களுமே இதனை நாடின. சாதாரணக் குடும்பங்களிடம் இது பரவவில்லை.

ஒரே கம்பியில் பல பாதைகள்

உண்மையில், செம்புக் கம்பியின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியை மட்டுமே தொலைபேசி பயன்படுத்தி வந்தது. அகலமான சாலையின் ஓரத்தில் ஒரேயொரு மிதிவண்டி மட்டும் செல்வதைப் போன்ற நிலை அது. சாலையின் மற்றப் பகுதி வெறுமனே கிடந்தது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பத்து இலட்சம் ஹெர்ட்ஸுக்கும் அதிகமான அதிர்வுகளைக்கூட அந்தக் கம்பி சிறிது தூரம் சுமக்க வல்லது என்பதை ஆய்வாளர்கள் அறிந்திருந்தனர். அந்த ஆற்றலை வீடுகளுக்குப் பயன்படும் வகையில் மாற்றுவதே சவாலாக இருந்தது.

1980-களின் இறுதியில், அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் ஒரு வழியைக் கண்டார். ஒரே கட்டில் நூற்றுக்கணக்கான இணைக் கம்பிகள் நெருக்கமாகச் செல்கின்றன. இரு திசையிலும் ஒரே வேகத்தில் தகவலை அனுப்பினால், ஒரு கம்பியின் தகவல் பக்கத்துக் கம்பியில் கலந்து இரைச்சலை உண்டாக்கும். இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு வரும் திசைக்கு அதிக இடமும், வீட்டிலிருந்து செல்லும் திசைக்குக் குறைந்த இடமும் ஒதுக்கினால் இந்தக் குறுக்கீடு வெகுவாகக் குறையும். வீட்டில் இருப்போர் அனுப்புவதைவிடப் பெறுவதே அதிகம் என்பதால், இந்த ஏற்பாடு அவர்களுக்கும் ஏற்றதாக இருந்தது. இருபக்க வேகமும் சமமாக இல்லாததால் இதனைச் சமச்சீரற்ற இலக்கவியல் இணைப்பு என்கிறோம். ஏ.டி.எஸ்.எல். என்பது இதன் சுருக்கப் பெயர்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சியோஃபி இதற்கு மேலும் வலுவூட்டினார். கம்பியின் முழு அகலத்தையும் ஏறத்தாழ 4,300 ஹெர்ட்ஸ் அளவுள்ள சிறு சிறு பாதைகளாகப் பிரிக்கும் முறையை அவர் வளர்த்தார். ஏ.டி.எஸ்.எல். முறையில் இத்தகைய பாதைகள் 256 உள்ளன. ஒவ்வொரு பாதையிலும் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதை மோடம் முதலில் சோதிக்கிறது. தெளிவான பாதையில் அதிகத் தகவலை ஏற்றுகிறது. இரைச்சல் மிகுந்த பாதையில் குறைவாக ஏற்றுகிறது, அல்லது அதனை விட்டுவிடுகிறது. மழைக்காலத்தில் சேறான தடத்தை ஒதுக்கி, காய்ந்த தடத்தில் வண்டியை ஓட்டுவதைப் போன்றது இது.

குரல், அடிப்பாகத்திலுள்ள 4,000 ஹெர்ட்ஸுக்குள் வழக்கம்போல் செல்லும். 25,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பதிவேற்றம் நடைபெறும். 138,000 ஹெர்ட்ஸிலிருந்து 11 இலட்சம் ஹெர்ட்ஸ் வரை பதிவிறக்கத்துக்கு உரியது. வீட்டில் தொலைபேசிக்கும் மோடத்துக்கும் முன்னால் ஒரு சிறு பெட்டி பொருத்தப்படும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான அந்த வடிகட்டி, குரலைத் தொலைபேசிக்கும் தகவலை மோடத்துக்கும் பிரித்து அனுப்பும். அதனால் தாயார் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் இணையத்தில் உலாவலாம். இணைப்பகத்தின் பக்கத்திலும் இதே வேலையைச் செய்யும் கருவி உண்டு. அது நூற்றுக்கணக்கான வீடுகளின் தகவலைத் திரட்டி, வேகமிக்க முதன்மைக் கம்பிக்கு அனுப்புகிறது.

வணிக நிறுவனங்களுள் சிலவற்றுக்குப் பதிவேற்றமும் பதிவிறக்கத்தைப் போலவே இன்றியமையாதது. கிளை அலுவலகங்களுக்குக் கணக்குகளை அனுப்புவோரும், பெரிய வரைபடங்களைப் பரிமாறிக்கொள்வோரும் அத்தகையோர். அவர்களுக்காக இருபக்க வேகமும் சமமாக அமைந்த இணைப்புகள் உருவாயின.

ஸ்திரீமிக்ஸ் காலம்

2001-ஆம் ஆண்டில் டெலிகோம் மலேசியா, ஸ்திரீமிக்ஸ் என்னும் பெயரில் ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது. அகண்ட அலைவரிசை என்னும் சொல் அப்போதுதான் மக்களிடையே பரவத் தொடங்கியது. எண்ணைச் சுழற்றிக் காத்திருக்கும் வழக்கம் மறைந்தது. கணினியைத் திறந்தால் இணையம் தயாராக இருந்தது. நிமிடக் கணக்கில் ஏறிய தொலைபேசிக் கட்டணம், மாதக் கட்டணமாக மாறியது. 1 மெகாபிட் வேகத்தில், மேலே கண்ட பாடல் 40 வினாடிகளில் வந்தது.

அதே 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோலாலம்பூரில் உலகத் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வழி, கணினியில் தமிழை உள்ளிடும் முறை அதற்கு முன்பே உலகத் தமிழரிடையே பரவியிருந்தது. தமிழில் எழுதும் கருவியும், எழுதியதை விரைந்து அனுப்பும் இணைப்பும் ஒரே காலக்கட்டத்தில் கைகூடின. மலாக்காவிலிருந்து ஒருவர் தமிழில் எழுதிய மின்னஞ்சலைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்போர் அக்கணமே படிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

பட்டணத்துச் சிறு வணிகர்களும் பயனடைந்தனர். அச்சகம் நடத்துவோர் திருமண அழைப்பிதழின் மாதிரியை வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினர். பயண முகவர்கள் விமானச் சீட்டுகளை உடனுக்குடன் பதிவு செய்தனர். 2008-ஆம் ஆண்டில் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு, தங்கும் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் இணைய இணைப்பு என்பது மின்சாரத்தையும் தண்ணீரையும் போன்ற அடிப்படைத் தேவையாயிற்று.

தொலைவு என்னும் தடை

ஏ.டி.எஸ்.எல். முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதிர்வு உயர உயர, செம்புக் கம்பியில் அது விரைவில் வலுவிழக்கிறது. குரலின் தாழ்ந்த அதிர்வு பல கிலோமீட்டர் தாண்டிச் செல்லும். தகவலின் உயர்ந்த அதிர்வோ அவ்வளவு தூரம் தாங்காது. இணைப்பகத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு முழு வேகமும் கிடைக்கும். தொலைவு கூடக் கூட வேகம் குறையும். ஏறத்தாழ 5 கிலோமீட்டரைத் தாண்டினால் இணைப்பே கிடைப்பது அரிது.

இந்தத் தொலைவு, காகம் பறக்கும் நேர்க்கோட்டில் அளக்கப்படுவதில்லை. கம்பி சென்ற வழியே அளக்கப்படுகிறது. தோட்டத்துக்குச் செல்லும் கம்பி, நெடுஞ்சாலையை ஒட்டிச் சென்று, செம்மண் சாலையில் திரும்பி, மேடு பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு குடியிருப்பை அடையும். வரைபடத்தில் 4 கிலோமீட்டராகத் தெரிவது, கம்பியின் நீளத்தில் 7 கிலோமீட்டராகவும் இருக்கலாம். அத்தகைய வீட்டில் தொலைபேசி தெளிவாக ஒலிக்கும். ஆனால், இணையத்துக்கு விண்ணப்பித்தால் வசதி இல்லை என்னும் பதிலே வரும். ஒரே கம்பி குரலுக்குப் போதுமானதாகவும் இணையத்துக்குப் போதாததாகவும் இருந்ததன் காரணம் இதுவே.

தோட்டப்புறங்களுக்கு வேறு தடைகளும் இருந்தன. முதலாவது, செலவு. நகரத்தில் ஒரு கிலோமீட்டர் கம்பி போட்டால் நூற்றுக்கணக்கான வீடுகள் பயன்பெறும். தோட்டத்தில் அதே செலவில் சில வீடுகளே பயன்பெறும். ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய பிறகு பல தோட்டங்களில் குடும்பங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. வருமானத்தை மட்டும் கணக்கிடும் நிறுவனத்துக்கு அந்த முதலீடு இலாபமாகத் தோன்றாது. இரண்டாவது, நில உரிமை. தோட்டம் தனியார் நிலம். அங்குக் கம்பம் நடவும் குழி தோண்டவும் உரிமையாளரின் அனுமதி தேவை. குடியிருப்போர் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தாலும், அந்த அனுமதியை அவர்கள் கொடுக்க முடியாது. மூன்றாவது, இயற்கையும் மனிதரும் விளைவிக்கும் சேதம். மலேசியாவில் இடி மின்னல் மிகுதி. மின்னல் தாக்கினால் செம்புக் கம்பி வழியாக மின் அதிர்ச்சி பாய்ந்து மோடம் பழுதாகும். செம்புக்கு நல்ல விலை கிடைப்பதால் ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் கம்பித் திருட்டும் நடைபெறுகிறது. கம்பி வெட்டப்பட்ட இரவில் ஒரு குடியிருப்பு முழுவதும் தொடர்பை இழந்துவிடும்.

கண்ணாடி இழையின் வருகை

செம்பின் எல்லையைத் தாண்ட உதவியது கண்ணாடி. 1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியைப் பல கிலோமீட்டருக்கு அனுப்ப முடியும் என்று விளக்கினார். அந்தப் பணிக்காக 2009-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழையில், லேசர் ஒளி வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை மின்னித் தகவலைச் சுமந்து செல்கிறது. இருபது கிலோமீட்டர் சென்றாலும் வீட்டுக்குக் கிடைக்கும் வேகம் குறைவதில்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாததால் மின்னல் அதன் வழியே பாயாது. உள்ளே செம்பு இல்லாததால் திருடுவோருக்கும் அதனால் பயனில்லை.

மலேசிய அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. திட்டத்தின் மொத்த மதிப்பு 1,130 கோடி ரிங்கிட். அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி ரிங்கிட். 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யூனிஃபை என்னும் பெயரில் சேவை தொடங்கியது. முதலில் அதனைப் பெற்றவை தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய பகுதிகள். பின்னர் மற்ற மாநில நகரங்களுக்கும் அது விரிந்தது. 100 மெகாபிட் வேகத்தில் அந்தப் பாடலைப் பெற ஒரு வினாடியில் பாதி நேரம்கூட ஆகாது. உயர்ந்த அடுக்குமாடிகளில் கட்டடம் வரை இழையும், அங்கிருந்து வீடு வரை பழைய செம்புக் கம்பியுமாக இணைத்த இடங்களும் உண்டு. தூரம் குறைவாக இருந்தால் செம்பும் வேகமாகச் செயல்படும் என்பதற்கு இது சான்று.

இங்கு மலாக்காவுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 2005-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய சீ-மீ-வீ 4 என்னும் கடலடிக் கம்பி, தென்கிழக்காசியாவையும் மத்தியக் கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கிறது. ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பி மலேசியாவில் கரையேறும் இடம் மலாக்கா. அது சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுகிறது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் பருவக் காற்றுக்காகக் காத்திருந்து, பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து மலாக்காத் துறைமுகத்தை அடைந்தார்கள். அதே கடலின் அடியில் இன்று செய்தி, கண் இமைக்கும் நேரத்துக்குள் கரை சேர்கிறது. ஆனாலும், உலகத்தின் பெருங்கம்பி கரையேறும் அதே மாநிலத்தில், கடற்கரையிலிருந்து சிறிது தூரம் உள்ளே இருக்கும் தோட்டத்தில் இணைப்பு இல்லாத வீடுகளும் இருந்தன. பெருஞ்சாலை ஊர் எல்லை வரை வந்தாலும், வீட்டு வாசல் வரை பாதை போட்டால்தான் பயன் உண்டு.

பெருந்தொற்று கற்றுத் தந்த பாடம்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் தொடங்கியது. அதுவரை வசதியாகக் கருதப்பட்ட இணையம், ஒரே நாளில் வகுப்பறைக் கதவாக மாறியது. சபா மாநிலத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தொடர்புக்காக மரத்தின் மீது ஏறி இரவைக் கழித்துத் தேர்வு எழுதிய செய்தி, நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

தீவகற்பத்தின் தோட்டப்புறங்களிலும் சிரமம் இருந்தது. நிலவழி இணைப்பு இல்லாத குடும்பங்கள் கைப்பேசித் தரவையே நம்பியிருந்தன. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்த வேண்டிய நிலை பல வீடுகளில் ஏற்பட்டது. செம்பனை மரங்கள் சூழ்ந்த தாழ்வான இடங்களில் அலைவரிசை வலுவிழந்தது. செம்புக் கம்பி இணைப்பு வைத்திருந்தோருக்கும் புதியதொரு தொல்லை எழுந்தது. பெறுவதற்கு அதிக வேகமும் அனுப்புவதற்குக் குறைந்த வேகமும் கொண்டது ஏ.டி.எஸ்.எல். என்பதை மேலே கண்டோம். வீட்டுப்பாடத்தைப் படம்பிடித்து அனுப்பவும், காணொலி வகுப்பில் முகம் காட்டிப் பேசவும் பதிவேற்ற வேகமே தேவை. பார்ப்போராகவும் கேட்போராகவும் மட்டுமே வீட்டாரை எண்ணி அமைத்த தொழில்நுட்பம், அவர்கள் பேசவும் எழுதவும் தொடங்கியபோது திணறியது.

2020-இல் அரசாங்கம் ஜெண்டெலா எனப்படும் தேசிய இலக்கவியல் இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு இறுதிக்குள் 75 இலட்சம் வளாகங்களுக்குக் கண்ணாடி இழை வசதியைக் கொண்டு செல்வது அதன் முதற்கட்ட இலக்குகளுள் ஒன்று. பழைய மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை நிறுத்தப்பட்டு, நான்காம் தலைமுறைச் சேவை விரிவாக்கப்பட்டது. இத்தகைய பணிகளுக்குத் துணைநிற்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிர்வகிக்கும் பொதுச் சேவை நிதி. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 6 விழுக்காட்டை அந்நிதிக்குச் செலுத்துகின்றன. நகரத்துப் பயனீட்டாளரிடமிருந்து கிடைக்கும் வருவாயின் ஒரு பகுதி, இலாபம் தராத உட்புறப் பகுதிகளுக்குக் கம்பமாகவும் கோபுரமாகவும் சென்று சேர்வதற்கான ஏற்பாடு இது. பொது இணைய மையங்களும் இந்நிதியால் இயங்குகின்றன. வீட்டில் இணைப்பு இல்லாதவர்கள் அங்குச் சென்று கணினியைப் பயன்படுத்தலாம், பயிற்சியும் பெறலாம்.

பொறுப்பும் விழிப்பும்

புதிய தொழில்நுட்பம் வரும்போது பழையதன் நன்மை ஒன்று மறைவதும் உண்டு. செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரத்தை இணைப்பகமே கம்பி வழியாக அனுப்பியது. ஆகவே, வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் தொலைபேசி ஒலித்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டு வருவதில்லை. மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள கருவியும் நின்றுவிடும். முதியோர் தனித்து வாழும் வீடுகளில் மின்னேற்றம் செய்த கைப்பேசி ஒன்றை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

இணைப்புப் பெற விரும்பும் குடும்பம் சில விவரங்களைக் கேட்டறிய வேண்டும். வீட்டுக்கு வருவது செம்பா, இழையா, கம்பியில்லா இணைப்பா? பதிவிறக்க வேகம் எவ்வளவு, பதிவேற்ற வேகம் எவ்வளவு? விளம்பரத்தில் காணும் எண் மெகாபிட்டா, மெகாபைட்டா? ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம்? இவற்றை அறிந்தவர் விளம்பரத்தைக் கண்டு ஏமாற மாட்டார்.

இணைப்பே இல்லாத குடியிருப்பில் வாழ்வோர் தனித்தனியாகக் கேட்பதைவிடக் கூட்டாக விண்ணப்பிப்பதே பயன் தரும். எத்தனை குடும்பங்கள், எத்தனை மாணவர்கள், அருகிலுள்ள கம்பம் எவ்வளவு தொலைவில் உள்ளது ஆகிய விவரங்களைத் திரட்டிக் கொடுக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தையும் இணைத்தால் விண்ணப்பம் வலுப்பெறும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இளைஞர் இயக்கமும் இப்பணியில் கைகொடுக்கலாம். விவரங்களைத் திரட்டுவது உயர்நிலை மாணவர்களால் செய்யக்கூடிய வேலையே.

செம்புக் கம்பி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மனிதக் குரலைச் சுமந்தது. தன் இறுதிக் காலத்தில் இணையத்தையும் சுமந்து, கண்ணாடி இழைக்கு வழிவிட்டு நிற்கிறது. அதன் வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. எந்தத் தொழில்நுட்பமும் தானாகவே எல்லாருக்கும் சமமாகச் சென்று சேர்வதில்லை. இணைப்பகத்துக்கு அருகில் இருந்தவர் முதலில் பெற்றார். தொலைவில் இருந்தவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்குக் கண்டுபிடிப்பாளரின் அறிவுடன் சட்டமும் நிதியும் மக்களின் கூட்டு முயற்சியும் தேவைப்படுகின்றன.